இரண்டரை வயதுக் கடன்காரன்

என் மகன் ஸ்டீவ் எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத் தர வேண்டிய கடன் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கடன்காரனுக்கு வயது இரண்டரை. கடன் பட்ட நேரத்தில் அவன் இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்காரம்மா பெயர் வரலட்சுமி. அவருடைய ஹாலில் மெரூன் கலரில் ஒரு வெல்வெட் சோபா உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் உறையை அவர் கழற்றியதே இல்லை. உட்கார்ந்தால் முதுகு வேர்க்கிறது என்று அந்த வாரம்தான் கழற்றினார். ஸ்டீவ் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த மெத்தையில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்து, பயந்து நகர்ந்து, அடுத்த மெத்தையில் முடித்திருக்கிறான். இரண்டுக்கும் ஸ்பாஞ்சு மாற்றிய கூலி, வெல்வெட் உறை வெளுத்த கூலி, ஏற்றிப் போய் இறக்கிய ஆட்டோ வாடகை எல்லாம் சேர்த்து வந்த தொகை அது.

இதில் எனக்கு இருந்த அவமானம் வேறு. பையன் பழகிவிட்டான், இனி ஜட்டிகூட வேண்டியதில்லை என்று அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான்.

நான் ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு பஞ்சு குடோனில் லோடுமேன். லாரிகள் மதியத்துக்கு மேல்தான் வரும், பிறகு இருட்டும் வரை இறக்குவோம். என் மனைவி ஜெனிதாவுக்கு மில்லில் காலை ஷிப்ட். விடியுமுன் மில் பஸ் ஏறினால் திரும்பி வர மூன்றரை ஆகும். நான் ஒரு மணிக்கே கிளம்ப வேண்டும். நான் போய் அவள் வருகிற வரைக்கும் ஸ்டீவ் முன்வீட்டில் வரலட்சுமி அம்மாவிடம் இருப்பான். அவருடைய பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். இதற்காக அவர் ஒரு பைசா வாங்கியதில்லை. "எனக்கும் வாயாட ஒரு ஆள் வேணுமல்லங்க" என்பார். ஸ்டீவுக்குத் தன்னை, பாட்டியைத் தெலுங்கில் கூப்பிடுகிற மாதிரி, 'அவ்வா' என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்.

காலை முழுக்கப் பையன் என் பொறுப்பு. டயப்பர் போட்டுப் போட்டுத் தொடை இடுக்கு சிவந்து போனதால், வெயில் காலம் முடிவதற்குள் பழக்கிவிடுவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அதை எனக்குத் தெரிந்த வேலை மாதிரியே செய்தேன். குடோனில் நாலு பேர் ஒரு பேலை, அதாவது கட்டின பஞ்சுப் பொதியை, பிடித்தால் ஒருவன் குரல் கொடுப்பான். குரல் வந்தால்தான் கை அசையும். முந்தித் தூக்கினவனுக்கு இடுப்பு போகும், பிந்தித் தூக்கினவனுக்கு விரல் போகும். குரலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஸ்டீவைக் குளியலறையில் நிறுத்தி, எல்லா வீட்டிலும் சொல்கிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று குரல் கொடுத்தேன். போனால் தூக்கிச் சுற்றினேன். குரல் இல்லாமல் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரே வாரம். குரல் கொடுத்தால் போவான், கொடுக்காவிட்டால் மூச்சு விடமாட்டான். குடோனில் இதைச் சொன்னபோது எங்கள் மேஸ்திரி நஞ்சப்பன், "நம்ம ஆளுகளே இவ்வளவு சுத்தமா குரலுக்குத் தூக்கறதில்லீங்க, பையன இங்க சேத்து உடுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரக் கடைசியில்தான் சோபா.

வேலை முடிந்து நான் வந்து நின்றபோது இரண்டு மெத்தைகளும் சுவரில் சாய்ந்து நின்றன. வரலட்சுமி அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா பாக்கியசாமி, பையன் பழகிட்டான்னு சொன்னீங்களே?"

"பழகிட்டானுங்கம்மா."

"அப்ப இது என்னுங்க? உங்க சர்ச்சுல தீர்த்தம் தெளிக்கிற மாதிரி தெளிச்சு உட்டுட்டானா?"

"நான் துடைச்சுத் தர்றேனுங்க."

"மேல துடைச்சாப் போதுமா? உள்ள போனத யாரு துடைக்கறது?" என்றவர், கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். "பாருங்க, காசு மெல்லக் குடுங்க. பையன நான் வெறுக்கல. ஆனா ஒண்ணுக்கு வந்தா வாயத் தொறந்து சொல்லத் தெரியற வரைக்கும் அவன் இந்தப் படி தாண்டக் கூடாது. போர்டிகோவுல உக்காரட்டும், நானும் கூட உக்காந்துக்கறேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னால வெளிய உக்காந்து காவல் காக்க முடியாது. மத்தியானம் எனக்கு ரெண்டு சீரியல் போகுது."

இதை வீட்டில் வந்து சொன்னபோது ஜெனிதாவுக்கு முதலில் மில்தான் ஞாபகம் வந்தது. அவளுக்கு மில்லில் இந்த வருடம்தான் பி.எஃப். பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். வரலட்சுமி அம்மா கைவிட்டால் அவள்தான் வேலையை விட வேண்டும். வேறு ஆள் எங்களுக்கு இல்லை. என் கூலியை மட்டும் நம்பி வாடகையும் அரிசியும் ஓடாது.

"பழகிட்டான் பழகிட்டான்னு நீங்க கூவாம இருந்திருந்தா அவங்க அந்த பிளாஸ்டிக்க கழட்டியே இருக்க மாட்டாங்க" என்றாள்.

பையனுக்கு என்ன ஆனது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்துக்குப் பஸ்ஸில் போனோம். ஏறுவதற்கு முன்னால் குரல் கொடுத்துப் போக வைத்துத்தான் ஏற்றினேன். பாதி வழியில் டிரைவர் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினார். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஜன்னலோரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த ஸ்டீவ், மிச்சம் மீதி இருந்ததை எல்லாம் சீட்டில் விட்டான். கண்டக்டர் வந்து பார்த்தார்.

"ஏனுங்ணா, பையனுக்கு டிக்கெட் வேண்டாமுங்க. இந்த சீட்டுக்கு இனி யாரும் வரமாட்டாங்க, அதுக்கு எடுத்துக்கங்க."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டீவும் சிரித்தான். ஜெனிதா மட்டும் ஜன்னலுக்கு வெளியே, எங்களை யாரென்றே தெரியாதவள் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்தது ரசாக் கடையில். எங்கள் தெருமுனையில் அவர் பஞ்சர் ஒட்டுகிறார். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனபோது ஸ்டீவை அவருடைய ஸ்டூலில் உட்கார வைத்திருந்தேன். ரசாக் ஒரு டியூபை எடுத்து வால்வை அமுக்கிக் காற்றைப் பிடுங்கினார். டியூப் சுருங்கியது. ஸ்டூலிலிருந்து சொட்டியது.

"அண்ணா," என்றார் ரசாக், டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டே, "நான் ஓட்டை எங்கன்னு இதுல தேடிட்டு இருக்கறேன். நீங்க அதப் பாருங்க."

பிடிபட்டது எப்படி என்றால் இப்படி. ஒரு நாள் இரண்டு லாரி சேர்ந்து வந்துவிட்டது. பேல் இறக்கி முடித்து வீட்டுக்கு வந்தபோது இடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டீவ் ஓடிவந்தான். அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டினேன்.

"ஸ்ஸ்ஸ்ஸப்பா..."

மடி சூடாக நனைந்தது.

அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்த ஜெனிதா திரும்பிப் பார்த்தாள். கையில் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் ஏதோ கணக்கு ஓடுவது தெரிந்தது.

"ஏனுங்க, இப்ப என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே. அலுப்புல உக்காந்தேன்."

"மறுபடி சொல்லுங்க."

"சும்மா இரு, பையன் துணிய மாத்து."

அவள் துணியை மாற்றினாள். பிறகு ஸ்டீவை அடுப்புக்குத் தள்ளி நிற்க வைத்து, காய்ந்த தோசைக்கல்லில் ஒரு கை தண்ணீரைத் தெளித்தாள். கல் 'ஸ்ஸ்ஸ்' என்றது. ஸ்டீவ் கொஞ்சம் யோசித்தான். வயிற்றில் மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி கீழே குனிந்து பார்த்தான். பிறகு மாற்றிய துணியையும் நனைத்தான்.

ஜெனிதா தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"அந்தம்மா ஊட்டு குக்கரு. பஸ்ஸு பிரேக்கு. ரசாக் அண்ணன் காத்து. இப்ப உங்க இடுப்பு வலி. எம்பையன் ஒரு தப்பும் பண்ணலீங்க. குரல் குடுத்தாத்தான் போகோணும்னு சொன்னீங்க, போறான். ஊருல இருக்கறதெல்லாம் அவனுக்கு குரல் குடுத்தா அவன் என்ன பண்ணுவான்?"

நான் நனைந்த லுங்கியை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க அவனுக்கு ஒண்ணுக்கு போகப் பழக்கலீங்க. பேல் தூக்கப் பழக்கியிருக்கறீங்க. இந்தத் துணிய நீங்களே தொவைங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்குத் தடை. குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுச் சோற்றைப் பானையில் வடித்தோம். தோசைக்குப் பதில் இட்லி. நான் வேலை முடிந்து வந்து உட்காரும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நாள் அடக்க முடியாமல் 'ஸ்' வரைக்கும் வந்துவிட்டது. ஜெனிதா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"உக்காரும்போது மாதாவேன்னு சொல்லுங்க. அலுப்பும் போகும், புண்ணியமும் சேரும்."

சத்தம் நின்றதும் சோபாவுக்கு ஆபத்து நின்றது. ஆனால் அடுத்த சிக்கல் வந்தது. குரல் இல்லாமல் பையன் எங்கேயும் போகமாட்டேன் என்றான்.

சிங்காநல்லூரில் ஒரு கடையில் வாத்து மாதிரி செய்த சிவப்பு பிளாஸ்டிக் இருக்கை ஒன்று வாங்கி வந்தேன். பெட்டியின்மேல் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் எழுத்துப் பழகியதே நாற்பதை நெருங்கும்போதுதான், அதனால் மெதுவாகத்தான் ஓடும். 'குழந்தையை அவசரப்படுத்த வேண்டாம்' என்று போட்டிருந்தது. அதைச் சொல்ல ஒரு பெட்டி தேவையா என்று அப்போது நினைத்தேன்.

முதல் நாள் காலை ஸ்டீவை வாத்தில் உட்கார வைத்து, எதிரில் முக்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன். அவன் என் வாயையே பார்த்தான்.

"அப்பா, சொல்லு."

"நீயே போ சாமி."

"சொல்லு."

"அப்பா சொல்லமாட்டேன். உனக்கு வந்தா நீயே போகோணும்."

"சொல்லுப்பா!"

அரிசி வெந்து குழைந்தது. அவன் போகவில்லை. எழுந்து வாத்தைக் கவிழ்த்துத் தலையில் தொப்பியாகப் போட்டுக்கொண்டான். மறுநாள் வாத்து லாரியானது. கூடையிலிருந்த சின்ன வெங்காயத்தையெல்லாம் அதில் ஏற்றி, "லோடு! லோடு!" என்று கத்திக்கொண்டு வீடு முழுக்கத் தள்ளினான். இறக்கச் சொன்னால் கூலி கேட்டான், கூலி என்றால் ஒரு முத்தம். அது யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. அன்று வைத்த சாம்பாரில் ஜெனிதா வெங்காயத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்றாள்.

அடக்கி அடக்கி வைத்து, தூங்கும்போதுதான் விடுவான். பாய், போர்வை, என் லுங்கி எல்லாம் தினமும் கொடியில் தொங்கும். குடோனில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ரெண்டு போடு போட்டால் சரியாகிவிடும் என்றான் ஒருவன். ஒரு காலை எனக்கும் பொறுமை போய்விட்டது. அடிக்கவில்லை. குடோனில் கத்துகிற குரலில் "போடா!" என்று கத்திவிட்டேன். ஸ்டீவ் எழுந்து போய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டான். அன்று முழுக்க வாத்துப் பக்கம் வரவில்லை. வாத்தைக் கண்டால் தன் இரண்டு கையாலும் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டான். அவன் முகத்தில் இருந்தது பயம். நான் பாயைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, அந்த பீரோ ஓரமாகவே போய்ப் படுத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு கை வந்து என் காதைப் பிடித்து இழுத்தது.

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. தினமும் முக்காலியைப் போட்டு உட்காருவேன். "அவசரம் இல்ல சாமி. வரும். அப்பா இங்கயேதான் இருக்கறேன்" என்பேன். நெருக்கிக்கொண்டு வரும்போது எப்படி இருக்கும் என்று என் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுவேன். "இங்க முட்டும், அப்ப சொல்லோணும்." அவன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் வயிற்றையும் அமுக்கிப் பார்ப்பான். அவனைவிட எனக்குத்தான் அடிக்கடி முட்டியது.

முன்வீட்டில் வரலட்சுமி அம்மா போர்டிகோவில் நாற்காலி போட்டு, கழுத்தை ஜன்னலுக்குள் நீட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கும், படம் பாதிதான் தெரியும்.

"ஏனுங் அம்மணி," என்பார் ஜெனிதாவைப் பார்த்ததும், "அந்த மருமகள் அழறா, யாரு அடிச்சான்னே தெரியல. உன்ற பையன் எப்ப சொல்லப் போறான்? மாசம் முடியுது பாத்துக்க."

இருட்டி நான் வந்ததும் ஜெனிதா அதை அந்தம்மா குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். நான் மறுநாளைக்கு வாத்தைக் கழுவி வைப்பேன்.

ஒரு காலையில் நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கிருந்தோ 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். கேஸ் கசிகிறது என்று பதறிப் போய் சிலிண்டரைத் திருகினேன். சத்தம் நிற்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடலாம் என்று தேடினால், அவன் குளியலறையில் இருந்தான்.

வாத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு கை அடிவயிற்றில். இன்னொரு கையின் விரலை, எங்கள் மேஸ்திரி குரல் கொடுக்கும்போது தூக்குகிற மாதிரி தூக்கிப் பிடித்து, தனக்குத்தானே குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஸ்ஸ்ஸ்... ம்... ஸ்ஸ்ஸ்." வாத்துக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

நான் வாசலிலேயே நின்றேன். கை தட்டினால் பாதியில் எழுந்துவிடுவான் என்று பயம். முடித்துவிட்டு எழுந்து, வாத்துக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நான் சொன்னேன். வந்துச்சு."

சரி, பழகிவிட்டான் என்று இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அந்தச் சத்தத்துக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது என்று அவன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான். வேண்டாத சோற்றை ஊட்டினால் 'ஸ்ஸ்' என்பான். தட்டை வைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அங்கே போய் உட்கார்ந்து, "இல்ல" என்பான். ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் 'ஸ்ஸ்' என்றான். எங்கள் வரிசையே எழுந்து வழிவிட்டது. வெளியே தூக்கிவந்தால் அவனுக்கு ஒன்றுக்கு இல்லை, கேட்டருகே கட்டியிருந்த ஆட்டுக்குட்டியைப் பார்க்க வேண்டும். உள்ளே போனோம். மறுபடி 'ஸ்ஸ்'. மறுபடி ஆடு.

"பொய் சொல்றானுங்க," என்றாள் ஜெனிதா பல்லைக் கடித்துக்கொண்டு. "விடுங்க, உக்காரட்டும்."

"நிஜமா இருந்துட்டா?"

அவள் பெஞ்சைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பட்டுச் சேலையைப் பார்த்தாள். "தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. அன்று குடோன் விடுமுறை. வரலட்சுமி அம்மா 'பாவா' என்று கூப்பிடுகிற அவருடைய அக்கா கணவர் ராமுலு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கார் நிறையத் தேங்காய் மூட்டைகளோடு வந்திருந்தார். பெரிய தோப்புக்காரர். ஆளும் பெரிய ஆள். மூட்டைகளை இறக்கி வைக்க அம்மா என்னைக் கூப்பிட்டார். ஸ்டீவும் என் பின்னால் வந்தான். போர்டிகோவில் அவனை உட்கார வைத்தேன். இரண்டாவது மூட்டையைத் தூக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாரல் போர்டிகோவை நனைத்தது.

வரலட்சுமி அம்மா வாசலுக்கு வந்து பையனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான கடைசி நாள்?"

"ஆமாங்க."

"சேரி, உள்ள வரட்டும். பாத்துப்போடலாம்."

ஸ்டீவ் படி தாண்டி உள்ளே போய், பழைய பாக்கி எதுவும் ஞாபகம் இல்லாதவன் போல அதே சோபாவில் ஏறி உட்கார்ந்தான். புது ஸ்பாஞ்சில் இரண்டு தடவை குதித்துப் பார்த்தான்.

"வாடகைக்கு இருக்கறவங்க பையனையெல்லாம் சோபாவுல ஏத்தறயா வரா?" என்றார் ராமுலு. "மாச ஆரம்பத்துல ஏதோ பண்ணிப்போட்டான்னு போன்ல சொன்ன?"

"இருங்க பாவா, பாப்போம்" என்று அம்மா காபி எடுக்க உள்ளே போனார்.

நான் மூன்றாவது மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தேன். அந்த நேரம் பார்த்து ராமுலு உட்காரப் போனார். அவருக்கு முழங்கால் வலி என்று எனக்குத் தெரியாது. சோபாவின் கையைப் பிடித்து, உடம்பை மெல்ல இறக்கி, நீளமாக, எங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி விட்டார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸப்பா..."

நான் மூட்டையோடு நின்றுவிட்டேன். சமையலறை வாசலில் வரலட்சுமி அம்மா காபி டம்ளரோடு நின்றார். அவருக்கு இந்தச் சங்கதியை ஜெனிதா என்றைக்கோ சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் ஸ்டீவின் டவுசரைத்தான் பார்த்தோம். தோளில் மூட்டை கனத்தது. ஜெனிதாவின் பி.எஃப். கனத்தது.

ஸ்டீவ் ராமுலுவைத் திரும்பிப் பார்த்தான். தன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை போலிருக்கிறது. சோபாவை விட்டு இறங்கி, அவரிடம் போய், விரலைப் பிடித்தான்.

"தாத்தா, வா. ஒண்ணுக்கு."

"என்ன சொல்றான் இவன்?"

"வா தாத்தா. சீக்கிரம்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாங் கண்ணு, போ."

ஸ்டீவ் விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். கையை விடுவித்துக்கொள்ள ராமுலு முன்னால் சாய்ந்தார். முழங்கால் பிடித்தது. "ஸ்ஸ்ஸ்..."

ஸ்டீவ் அலறினான். "ஐயோ! இரு தாத்தா! இங்க வேண்டாம்! சோபா! அவ்வா திட்டும்!"

அந்த அலறலில் ராமுலு எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பையன் அவரை ஹாலின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் அவர் வலியில் 'ஸ்ஸ்' என்றார். அவன் "இரு இரு, வந்தாச்சு" என்றான். குளியலறைக்குள் அவரைத் தள்ளி, கதவைப் பாதி சாத்தி, வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"வந்துச்சா?"

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

"அவசரம் இல்ல சாமி," என்றான் ஸ்டீவ். "வரும். அப்பா இங்கயேதான் இருக்கறேன்."

என் குரல். என் வார்த்தை. மூட்டையை இறக்கி வைக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

வரலட்சுமி அம்மா காபியை அலமாரி மேல் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வந்த இடத்தில் அவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது. ராமுலு யாரையும் பார்க்காமல் வெளியே வந்தார். ஸ்டீவ் எழுந்து நின்று கை தட்டினான்.

"தாத்தா சமத்து."

"நல்லா வளத்தறீங்கப்பா பையன" என்றார் ராமுலு என்னிடம். பாராட்டா திட்டா என்று பிரிக்க முடியாத குரல். அதற்குப் பிறகு அவர் காபியை நின்றுகொண்டேதான் குடித்தார். உட்காரப் போனால் ஸ்டீவ் எழுந்துவிடுகிறான்.

மழை விட்டதும் அவர் கிளம்பிப் போனார். வழக்கமாக வந்தால் இருட்டின பிறகுதான் எழுந்திருப்பாராம். நான் மூட்டைகளை அடுக்கி முடித்து, துண்டை உதறிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"அம்மா, அந்தக் காசு... வர்ற மாசத்துல இருந்து ஐநூறு ஐநூறாக் குடுத்தர்றேனுங்க."

வரலட்சுமி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

"எந்தக் காசுங்க?"

"சோபாக் காசுங்க. ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது."

"போங்க பாக்கியசாமி. எங்க பாவா உக்காந்தா ஊட்டு ஆளுக எல்லாருக்கும் வரிசையா புத்தி சொல்லிப்போட்டுத்தான் எந்திரிப்பாரு. இத்தன வருசத்துல அவர அந்த சோபாவ உட்டு எழுப்புனது உங்க பையன் ஒருத்தன்தான். அதுக்குக் கூலி நாந்தான் குடுக்கோணும். கணக்கு தீந்துது." உள்ளே திரும்பி டி.வி. ரிமோட்டைத் தேடினார். "நாளைல இருந்து பையன் ஹாலுக்கே வரட்டும். ஒரு மாசமா எவ எவள அடிச்சான்னே தெரியாம போச்சு எனக்கு."

கடன் தீர்ந்த சங்கதியைக் கடன்காரனிடம் சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, ரிமோட் தேடிக் குனிந்த அவ்வாவின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.